இருபத்தேழாம் நம்பர் டோக்கன்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் இருமல், அண்ணியின் முழங்கால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. போன தடவை "எல்லாரும் நலம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அண்ணியைக் கேட்டால் நீ ஒரு வாரம் வேலைக்கே போகவில்லை என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் கிளம்புகிறோம். ஆமாம், நிஜமாகவே. முப்பத்திரண்டு அடிப் பாய்மரப் படகில் இரண்டு பேர், இரண்டு வருஷம். நவம்பர் தாண்டினால் காற்று திரும்பிவிடும், அப்புறம் இன்னொரு வருஷம் கரையிலேயே உட்கார வேண்டும். அப்படி உட்கார எங்களுக்கு இஷ்டமில்லை.

பாய்களை நானே தைத்துவிட்டேன். இருபது வருஷம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவளுக்கு இது பெரிய வேலையில்லை. பாயும் ஒரு பெரிய பாவாடைதான். மற்றதெல்லாம் ஏறக்குறைய தயார். கருவிகள் மட்டும் இல்லை. இவருடைய பெரிய கருவிப்பெட்டி என்னாயிற்று என்று கேட்பாய். பட்டறையை விட்டு வந்த அன்றே அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். இடத்தை அடைக்குமாம்.

என்னென்ன கருவி எடுத்துப்போக வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று நீதான் எழுத வேண்டும். ஒரு தையற்காரிக்குப் புரிகிற மாதிரி எழுது. படிக்குக் கீழே, என்ஜின் பக்கத்தில், இரண்டடிக்கு ஒன்றரை அடி இடம் இருக்கிறது.

பதிலைப் படகுத்துறை அலுவலக முகவரிக்கே அனுப்பு. படகில் காகிதம் நனைந்துவிடுகிறது. போன் வேண்டாம், இங்கே சரியாகக் கேட்பதில்லை.

தங்கை

பிப்ரவரி 19

அன்புள்ள வாயாடிக்கு,

இருமல் போய்விட்டது. முழங்கால் போகவில்லை. தனித்தனியாக எழுதிவிட்டேன், திருப்திதானே?

உனக்குக் கொஞ்சமாவது மூளை இருக்கிறதா? பதினெட்டு வருஷம் பட்டறையில் முதல் ஃபிட்டராக இருந்தவனை வீட்டில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கருவி எடுத்துக் கொடுக்கிற என்னிடம் பட்டியல் கேட்கிறாய். மாப்பிள்ளையைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வான். சரி, கேட்டுவிட்டாய்.

முதலில், கடையில் பளபளவென்று விற்கிற நூறு சாமான் பெட்டியை வாங்காதே. அதில் எழுபது உனக்கு வேண்டாம், மீதி முப்பது ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும். கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு படகின் மூக்கிலிருந்து வால் வரை போ. எங்கெல்லாம் நட்டும் திருகும் இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் எது பொருந்துகிறது, அந்த இடுக்கில் அதைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று எழுது. மேஜைமேல் பொருந்துகிற கருவி வேறு, இடுக்கில் பொருந்துகிற கருவி வேறு. பத்து, பதின்மூன்று, பதினேழு ஸ்பேனர்களில் இரண்டிரண்டு வை. அவைதான் முதலில் கடலில் விழும்.

இரண்டு சாமான்கள் பெட்டிக்குள் போகவே கூடாது. ஒன்று, பாய்மரக் கம்பியை வெட்டுகிற பெரிய கத்தரி. மரம் முறிந்தால் கம்பியை உடனே வெட்டிவிட வேண்டும், கத்தரியைத் தேட நேரம் இருக்காது. இன்னொன்று, ஓட்டையை அடைக்கிற மர ஆப்பு. படகின் அடியில் எத்தனை ஓட்டை வைத்திருக்கிறார்களோ அத்தனை ஆப்பு, அந்தந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும்.

படகைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று கேட்காதே. படகு என்ஜின் வேலை பார்க்கிற ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, அரைநாள் அவர் உயிரை வாங்கிவிட்டேன்.

கருவிகளை நானே தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் உருவத்திலேயே குழி வெட்டிய இழுப்பறைப் பெட்டியில் அனுப்புகிறேன். என் டூல் ரூம் பலகை மாதிரிதான். எந்தக் குழி காலியோ, அந்தக் கருவி வெளியே இருக்கிறது என்று அர்த்தம். கூடவே டோக்கனும் வரும். கருவியை எடுத்தால் அந்த இடத்தில் எடுத்தவர் டோக்கன் இருக்க வேண்டும். இங்கே இருநூறு பேருக்கு அதுதான் சட்டம், உங்கள் இரண்டு பேருக்கும் அதேதான். உனக்கு நூற்றுப் பன்னிரண்டாம் நம்பரில் ஆறு டோக்கன் வெட்டியிருக்கிறேன். அவனுடைய பழைய இருபத்தேழாம் நம்பர் டோக்கன் ஆறும் என் மேஜையிலேயே கிடந்தது, அதையும் அனுப்புகிறேன். அந்த நம்பரை வேறு யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை.

மாதம் ஒரு தடவை யார் எதை எடுத்தீர்கள் என்று எழுது. சிரிக்காதே.

அண்ணன்

மார்ச் 30

டூல் ரூம் மகாராஜாவுக்கு,

வணக்கம். சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை அண்ணியே எழுந்து போட்டுக்கொள்கிறாரா?

பெட்டி வந்தது. அவ்வளவு அழகு! துறையில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இவர் டோக்கனைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னும் வெச்சிருக்கானா?" என்றார். அப்புறம் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

இனி உனக்குப் பிடிக்காத பகுதி. போன வாரம் வெள்ளோட்டம் போனோம். படகு ஒரு பக்கம் சாய்ந்ததும் உன் இழுப்பறை துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே பாய்ந்தது. முப்பத்துநாலு கருவிகளும் தரையில். பதினேழாம் ஸ்பேனர் என் கணுக்காலில். உன் பலகை ஆடாத சுவரில் இருக்கிறது அண்ணா, எங்கள் சுவர் படுத்துக்கொள்கிறது.

அதனால் பெட்டியைக் கரையில் வைத்துவிட்டேன். கோபிக்காதே. பாய்த்துணி மிச்சம் இருந்தது, அதில் சுருட்டுகிற பை மூன்று தைத்தேன். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பாக்கெட், பாக்கெட்டின் மேல் அதன் உருவம் சிவப்பு நூலில். காலி பாக்கெட்டில் டோக்கன் மாட்ட ஒரு கொக்கி. ஆக உன் சட்டத்தை மாற்றவில்லை, துணிக்கு மாற்றினேன், அவ்வளவுதான். உள்ளே எண்ணெய் தோய்த்த துணி. சுருட்டி நாடாவால் கட்டினால் சத்தமும் இல்லை, சாடவும் சாடாது. கனமானது கீழே நடுவில், அடிக்கடி வேண்டியது படிப் பக்கத்தில். ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் எலாஸ்டிக் வளையம் தைத்திருக்கிறேன். மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் கடலில் விழாது.

மாதக் கணக்கு: பதின்மூன்று, நூற்றுப் பன்னிரண்டு. திருப்புளி பெரியது, நூற்றுப் பன்னிரண்டு. குறடு, நூற்றுப் பன்னிரண்டு. அவ்வளவுதான்.

இரண்டு சந்தேகம். தலைகீழாகப் படுத்துக்கொண்டு திருப்பினால் எந்தப் பக்கம் கழலும்? கையில் பலம் போதாதவர்களுக்கு நீளக் கைப்பிடி வைத்தது கிடைக்குமா? என் கையைத்தான் சொல்கிறேன்.

தங்கை

ஏப்ரல் 14

அன்புத் தங்கைக்கு,

இருவரும் நலம். ஒத்தடம் நான்தான் போடுகிறேன், வேண்டுமானால் அண்ணியையே கேள்.

அந்தப் பெட்டிக்குக் குழி வெட்டப் பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் ஆனது என்று பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். மூன்றுதான். சுருட்டுப்பை நல்ல யோசனை. இதை ஒரு தடவைதான் சொல்வேன்.

தலைகீழாகப் படுத்தாலும் நட்டின் முகத்தை நேராகப் பார்க்கிற மாதிரி மனசில் நினைத்துக்கொள். அந்த முகத்துக்கு இடப்பக்கம் திருப்பினால் கழலும். நீளக் கைப்பிடி அனுப்பியிருக்கிறேன். ஆனால் இதையெல்லாம் நீ ஏன் கேட்கிறாய்? கணக்கு முழுக்க நூற்றுப் பன்னிரண்டுதான் இருக்கிறது. இருபத்தேழு எங்கே? மாப்பிள்ளைத் துரை இப்போது கையில் அழுக்குப் பட வேலை செய்வதில்லையோ?

மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் என் சிநேகிதன். அப்புறம்தான் உன் புருஷன். பதினெட்டு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஜன்னலுக்கு வந்தான், ஆறு டோக்கனையும் உள்ளே தள்ளினான், "நாளையிலேர்ந்து வரலை" என்றான். டீ சொல்லியிருந்தேன், அது வருவதற்குள் போய்விட்டான். அன்றையிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. படகு வாங்கினால் பழைய ஆட்கள் மறந்துபோய்விடுவார்களா? எனக்கு வருத்தம்தான். அவனிடம் சொல், சொல்லாமலும் இரு. உன் இஷ்டம்.

வேலைக்கு வருகிறேன். என்ஜினிலிருந்து ஒரு தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே விசிறிக்குப் போகும். அது வெளியே போகிற இடத்தில் ஒரு பெரிய நட்டும் அதை ஒட்டி ஒரு ஒல்லி நட்டும் இருக்கும். பெரியது தண்ணீர் உள்ளே வராமல் பிடிக்கிறது. ஒல்லி, பெரியது கழலாமல் பிடிக்கிறது. இரண்டும் கழன்றால் படகு மெதுவாக ரொம்பும். அந்த இடுக்கில் கடை ஸ்பேனர் நுழையாது, தட்டை இரும்பில் வெட்ட வேண்டும். அளவு மட்டும் வேண்டும். மாப்பிள்ளையை ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல், போதும். பட்டறையில் அவனுக்கு "கண்ணளவு" என்று சும்மாவா பேர் வைத்தோம்? பத்தடி தூரத்திலிருந்து நட்டைப் பார்த்து நம்பர் சொல்வான். ஒரு நாளும் தப்பியதில்லை. ஆளுக்கு ஆள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறோம்.

இந்த இரண்டு ஸ்பேனர் இல்லாமல் கிளம்பாதே.

அண்ணன்

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன், துறை அலுவலகம் மூடப் போகிறார்கள்.

இரண்டு நட்டும் நாற்பத்தைந்து.

அவர் கடல் வரைபடங்களில் மூழ்கிக் கிடக்கிறார். உன்னை மறக்கவெல்லாம் இல்லை. கணக்கு: ஆலன் கீ, ரம்பம், பத்தாம் ஸ்பேனர். எல்லாம் நான்தான். தினம் ஒரு வேலை கற்றுக்கொள்கிறேன். நேற்று என்ஜின் டீசல் வடிகட்டியை நானே மாற்றினேன். முகமெல்லாம் டீசல்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

மே 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு எப்படி? ஸ்பேனர் இரண்டும் பத்திரமாக வந்தன. வழவழவென்று ராவி, ஓரத்தில் கையைக் கிழிக்காமல் செய்திருக்கிறாய். நன்றி.

ஆனால் நட்டில் ஏறவில்லை. மயிரிழையில் நிற்கிறது. தட்டிப் பார்த்தேன், ஏறவில்லை. எங்கே தப்பு என்று தெரியவில்லை. கொஞ்சம் ராவினால் சரியாகுமா? எவ்வளவு ராவ வேண்டும்?

தங்கை

ஜூன் 8

தங்கைக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. அண்ணி விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

நாற்பத்தைந்து என்று ஓர் அளவு என் பலகையிலேயே இல்லை. முப்பத்தைந்து வருஷத்தில் அப்படி ஒன்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இருந்தாலும் கண்ணளவு சொல்லியிருக்கிறான், படகில் ஏதோ விசேஷ நட்டு போலிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். இப்போது ஏறவில்லை என்கிறாய். ஸ்பேனரை ராவாதே. இஷ்டத்துக்கு ராவினால் வாய் கோணும், நட்டின் மூலையைத் தின்றுவிடும்.

அந்த அளவை அவன் சொல்லவில்லை. அவன் பார்க்கவே இல்லை. நீ எதாலோ அளந்திருக்கிறாய்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். டோக்கனை டப்பாவில் போட்டான். பலமில்லாத கைக்கு நீளக் கைப்பிடி. நாள் முழுக்கத் தையல் மெஷினையும் பாய்த்துணியையும் இழுக்கிற உனக்கா கையில் பலமில்லை? யாரிடம் கதை விடுகிறாய்?

என்ன ஆயிற்று அவனுக்கு? பூசி மெழுகாமல் எழுது. அதுவரை ஸ்பேனர் கிடையாது.

அண்ணன்

ஜூலை 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். இதைத் துறை அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் வேண்டாம் என்று சொன்னதற்கும் காரணம் இதுதான். முப்பத்திரண்டு அடிப் படகில் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும்.

அவருக்குக் கை நடுங்குகிறது. வலது கை. நாலு வருஷத்துக்கு முன்னால் கட்டைவிரலில் ஆரம்பித்தது. இப்போது முழங்கை வரைக்கும். இடது கையிலும் லேசாக வருகிறது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மெதுவாகத்தான் கூடும், ஆனால் கூடும் என்றார். இன்னும் நாலைந்து வருஷம் ஓடியாடலாம் என்றார். அதனால்தான் இந்த நவம்பர். அதனால்தான் எங்களால் இன்னொரு வருஷம் உட்கார முடியாது. சின்ன வயசிலிருந்து அவர் ஆசைப்பட்டது இது ஒன்றுதான், உனக்கே தெரியும்.

சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். "தையக்காரியக் கட்டினவனுக்குப் பொத்தான் போடத் தெரியலை பாரு" என்று அவரே கேலி செய்வார். இப்போது எல்லாச் சட்டையிலும் ஒட்டு நாடா தைத்துவிட்டேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

படகை நன்றாக ஓட்டுகிறார், பயப்படாதே. சுக்கான் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவார். காற்று எப்போது மாறும் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். கருவிதான் முடியவில்லை. நான் ஏதாவது சந்தேகம் கேட்டால், "இப்படிக் குடு" என்று ஸ்பேனரை வாங்குவார். அது நட்டைச் சுற்றித் தடதடவென்று ஆடும். கீழே விழும். அன்றைக்கு ராத்திரி சாப்பிட மாட்டார். அதனால் கேட்பதையே விட்டுவிட்டேன். உன்னைக் கேட்டேன்.

நட்டை என் டேப்பால் அளந்தேன். தையல் டேப். வேறு என்ன இருக்கிறது என்னிடம்? பன்னிரண்டு வருஷமாகக் கழுத்தில் கிடந்து இழுத்து நீண்டுபோன டேப் அது. துணி அளக்கும்போது தையலுக்கு விட்டுச் சரிக்கட்டிக்கொள்வேன். இரும்புக்கு விட வேண்டும் என்று தோன்றவில்லை.

பட்டறையை ஏன் விட்டார் என்று ஒரு தடவைதான் சொன்னார். "உங்கண்ணன்கிட்ட டோக்கன் போட்டு ஸ்பேனர் வாங்கி, அவன் கண்ணு முன்னாடி அதைக் கீழ போட்டா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிட்டு அந்த மேஜையில உக்காருவேன்?" உன்னிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். இப்போது உடைத்துவிட்டேன்.

போகாதே என்று மட்டும் எழுதாதே அண்ணா. எப்படி அளப்பது என்று எழுது. நான் திரும்ப அளக்கிறேன்.

தங்கை

ஆகஸ்ட் 30

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமானதற்கு உடம்பு காரணமில்லை. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் போகாதே என்றுதான் இருந்தது. மூன்றாவது எழுத உட்கார்ந்தபோது அண்ணி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "அவங்க உங்ககிட்ட ஸ்பேனர்தான் கேட்டாங்க, உத்தரவு கேக்கலை" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது, எழுதுவதற்கென்ன. என் ஜன்னல் இரண்டடிக்கு ஓரடி. அதன் வழியாக முகம் சரியாகத் தெரியாது. முப்பத்தைந்து வருஷமாகக் கைகளை மட்டும்தான் பார்க்கிறேன். கையைப் பார்த்தே இன்னார் என்று சொல்வேன். அன்றைக்கு அவன் டோக்கனைத் தள்ளியது இடது கையால். வலது கை பாக்கெட்டில் இருந்தது. அதைப் பார்த்தேன், திமிராக நிற்கிறான் என்று நினைத்தேன். மூன்று வருஷம் அப்படியே நினைத்தேன்.

இப்போது கவனமாகப் படி. எப்படி அளப்பது என்று உனக்கு எழுதப் போவதில்லை. நீ அளக்கக் கூடாது. அந்த டேப்பைத் துணிக்கு வைத்துக்கொள். அளவை அவனிடம் கேள்.

கைதானே நடுங்குகிறது? கண்ணுமா நடுங்குகிறது? நீ கேட்பதை நிறுத்தியதால், கையோடு சேர்த்துக் கண்ணையும் மூட்டை கட்டி வைத்துவிட்டான். நடுக்கடலில் ஏதாவது சத்தம் கேட்டால் அது எந்த நட்டு என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, அவனுக்குத்தான் தெரியும். கேட்கும்போது ஸ்பேனரை நீ பிடித்துக்கொள், அவன் கையில் கொடுக்காதே. எனக்குத் தெரியும் என்றும் சொல்லிவிடு. உன் சத்தியம் என் தலையில் விடியட்டும்.

அவன் வாயால் அளவு வந்தால் ஒரே வாரத்தில் ஸ்பேனர் வரும். வராவிட்டால் நீங்கள் கிளம்பக் கூடாது, நான் அனுப்பவும் மாட்டேன். அண்ணியிடம் இந்தக் கடைசி வரியைக் காட்டவில்லை.

அண்ணன்

செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தான். இந்தத் தடவை இதைப் படகிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் எதிரில் இருக்கிறார்.

உனக்குத் தெரியும் என்று சொன்னேன். எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காபி போட்டால் எடுத்துக் குடிப்பார், அதுவும் நான் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகு. கெட்டது குடி என்று நினைத்தேன். உன்னையும் திட்டினேன்.

மூன்றாம் நாள் காலையில் நான் என்ஜின் பக்கத்தில் குப்புறக் கிடந்தேன். படியில் கால் சத்தம். நடுப்படியில் உட்கார்ந்தார். நான் திரும்பவில்லை. "இந்த நட்டு என்ன சைஸ்?" என்று பொதுவாகக் காற்றைக் கேட்கிற மாதிரி கேட்டேன். படி கிரீச்சிட்டது. அப்புறம், "டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கம் காட்டு" என்றார். காட்டினேன்.

"நாப்பத்தாறு. ஒல்லியும் நாப்பத்தாறுதான். யாரு நாப்பத்தஞ்சுன்னது?"

"டேப்பு."

"எந்த டேப்பு?"

கழுத்திலிருந்து எடுத்துக் காட்டினேன். அண்ணா, அந்த மனுஷன் சிரித்த சிரிப்பு! படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நட்டுக்குச் சட்டை தெக்கறியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பக்கத்துப் படகிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எத்தனை மாதமாயிற்று அதைக் கேட்டு! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன்.

இப்போது தினம் அந்த நடுப்படிதான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். "போதும், அதுக்கு மேல இறுக்கினா கத்தும்" என்பார். நட்டு இறுகுகிற சத்தத்திலேயே சொல்கிறார். திட்டவும் செய்கிறார், உன்னைவிட மோசமாக.

ஆனால் ஒன்று. தகர டப்பாவை இன்னும் திறக்கவில்லை. "நீயே மாட்டிக்கோ, நான் எதையும் எடுக்கலையே" என்கிறார். கணக்கு முழுக்க இந்த மாதமும் நூற்றுப் பன்னிரண்டுதான்.

தங்கை

அக்டோபர் 4

அன்புள்ள வாயாடிக்கும் கண்ணளவுக்கும்,

இங்கே இருமலும் முழங்காலும் தவிர எல்லாரும் நலம்.

நாற்பத்தாறு, இரண்டு ஸ்பேனர். பெரியதற்கு நீளக் கைப்பிடி. ஒல்லிக்குக் குட்டைக் கைப்பிடி, ஆனால் முனையை அகலமாக வெட்டியிருக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதை மறக்காதே. பெரியதை நகராமல் பிடித்துக்கொண்டு ஒல்லியை அதன்மேல் இறுக்க வேண்டும். இல்லை, ஒல்லியைப் பிடித்துக்கொண்டு பெரியதை. இடத்தைப் பொறுத்தது, மாப்பிள்ளை சொல்வான்.

அனுப்புமுன் இரண்டையும் என் பலகையில் மாட்டி, சுற்றிக் கோடு வரைந்து, சிவப்பு வர்ணமும் அடித்தேன். இனி அவை இந்த டூல் ரூம் கருவிகள். வெளியே போயிருக்கின்றன, திரும்பி வர வேண்டியவை. கொக்கி காலியாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் டோக்கன் அனுப்பிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டோக்கன் தொங்குகிற வரைக்கும் கருவி காணாமல் போகவில்லை, யாரிடமோ இருக்கிறது என்று அர்த்தம். இந்த வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே நிம்மதி அதுதான்.

போய்விட்டு வாருங்கள்.

அண்ணன்

டிசம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

கரையில் இருக்கிறோம், இரண்டு பேரும் முழுசாக. அதை முதலில் எழுதிவிட்டேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுத, அடுத்த துறைமுக முகவரியை உறையின் பின்னால் கொடுத்திருக்கிறேன்.

கிளம்பும்போது என் டோக்கன் இரண்டை அனுப்பினேனே, மாட்டியிருப்பாய். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

கிளம்பிய பதினோராம் நாள், மத்தியானம். என்ஜினை ஓட விட்டிருந்தோம். நடுப்படியில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "நிறுத்து. ஒல்லி கழண்டுடுச்சு" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. பலகையைத் தூக்கினால் தண்ணீர், கணுக்கால் முங்குகிற அளவுக்கு. பெரிய நட்டும் பாதி கழன்று, தண்டைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தது.

சுருட்டுப்பையை அவிழ்த்தேன். பெரியதை மாட்டி நட்டை இறுக்கினேன். தண்ணீர் குறைந்தது. ஒல்லியை இறுக்கப் போனால் பெரியது கூடவே சுற்றுகிறது. ஒரு கையில் அது, ஒரு கையில் இது, படகு அந்தப் பக்கம் சாய நான் இந்தப் பக்கம் உருள. மூன்று தடவை. என்னால் முடியவில்லை அண்ணா. எனக்குப் பயம் வந்துவிட்டது. "என்னால முடியலை" என்று கத்தினேன்.

அவர் இறங்கி வந்தார். கை அப்படி ஆடியது. நீட்டவில்லை. தண்ணீரில் உட்கார்ந்து, முதுகைப் படியில் கொடுத்து, காலை நீட்டினார்.

"பெருசு நான் பிடிச்சா நீ ஒல்லிய எட்ட முடியாது. மாத்திக்கலாம். ஒல்லிய மாட்டி விடு. மாட்டறது உன் வேலை, நகராமப் பாத்துக்கறது என் வேலை."

மாட்டினேன். அந்த அகலமான முனையில் குதிகாலை வைத்து அழுத்தினார். "காலு நடுங்கலை பாரு" என்றார். ஒல்லி அப்படியே நின்றது, சுவரில் அடித்த ஆணி மாதிரி. நான் இரண்டு கையாலும் பெரியதைப் பின்னுக்கு இழுத்து ஒல்லியோடு சேர்த்தேன். "இன்னும் கொஞ்சம். இன்னும். போதும், போதும்!" சொட்டு நின்றது.

பம்ப் அடித்துத் தண்ணீரை எல்லாம் வெளியேற்ற சாயங்காலம் ஆகிவிட்டது. ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் வைக்கப் போனேன். "இரு" என்றார். தகர டப்பாவைத் திறக்கச் சொன்னார். மூடி இறுகிப்போயிருந்தது, நான்தான் திறந்தேன். இருபத்தேழு ஒன்றை எடுத்து, ஒல்லி ஸ்பேனரின் காலி பாக்கெட்டுக் கொக்கியில் மாட்டினார். கொக்கியில் அது நுழைய ரொம்ப நேரமாயிற்று. நான் உதவிக்குப் போகவில்லை.

"வேலைதான் முடிஞ்சுதே, இப்ப எதுக்கு டோக்கன்?" என்றேன்.

"எடுத்தது நான். ரூல் ரூல்தான்" என்றார்.

இன்று காலை அதையே கழற்றிக் கொடுத்து உனக்கு அனுப்பச் சொன்னார். இத்துடன் இருக்கிறது. பலகையில் ஒல்லி ஸ்பேனர் கொக்கியிலிருந்து என் டோக்கனை எடுத்துவிட்டு இதை மாட்டு. கீழே இருப்பது அவரே எழுதியது. நாலு வரிக்கு அரைமணி நேரம். படிக்க முடியாவிட்டால் அண்ணியிடம் கொடு.

தங்கை

டூல் ரூமுக்கு,
46 ஒல்லி ஸ்பேனர் ஒன்று என்னிடம் இருக்கிறது. டோக்கன் 27.
அன்றைக்கு நீ சொன்ன டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.
திருப்பித் தர வரும்போது குடிக்கிறேன். கிளாஸில் பாதிதான் ஊற்றச் சொல், கை ஆடும்.